லிப்ரேஆபிஸ் பீட்டாவைச் சோதிக்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டணமில்லாத அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸின் அடுத்த பதிப்பு, வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் கட்டமான பீட்டா நிலைக்கு வரும்போதெல்லாம் அச்சக வேலை செய்பவர்கள், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலர் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எனக்கு புரோகிராமிங் சுத்தமா தெரியாது. நான் எதை டெஸ்ட் பண்றது?

நீங்கள் தினமும் செய்கிற வேலையைத்தான். கேள்வித்தாள் அடிப்பவர் கேள்வித்தாள் அடித்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர் பத்திரிகையைத் திறந்து பி.டி.எஃப். எடுத்துப் பாருங்கள். சங்கத்துக் கணக்கை லிப்ரேஆபிஸின் அட்டவணைச் செயலியான கால்க்கில் வைத்திருப்பவர் அந்தக் கணக்கையே கூட்டிப் பாருங்கள்.

நிரல் எழுதுபவரிடம் உங்கள் கோப்பு இல்லை, உங்கள் எழுத்துரு இல்லை, உங்கள் பழைய பிரிண்டரும் இல்லை. ஆயிரம் தானியங்கிச் சோதனைகள் ஓடினாலும், பத்து வருடமாக வெட்டி ஒட்டி வளர்ந்த ஒரு உண்மையான கோப்பில் இருக்கிற சிக்கல் அவற்றில் வராது. புரோகிராமிங் தெரியாதவர் தேவைப்படுவது இதனால்தான். என்ன செய்தோம், என்ன நடந்தது என்பதைக் கவனித்துச் சொல்லும் பொறுமை இருந்தால் போதும்.

ஆல்ஃபா, பீட்டா, ஆர்.சி.ன்னு என்னென்னவோ சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

லிப்ரேஆபிஸில் பெரிய பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகிறது. 2023 ஆகஸ்டில் வந்த 7.6-க்குப் பிறகு ஆண்டையும் மாதத்தையும் வைத்தே எண் கொடுக்கிறார்கள். 24.2 என்றால் 2024 பிப்ரவரி, 24.8 என்றால் அதே ஆண்டு ஆகஸ்ட்.

ஆல்ஃபா என்பது புதிய வசதிகள் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கும் கட்டம். பீட்டாவுக்குப் பிறகு புதிய வசதி சேர்ப்பது நின்று, இருப்பதைச் சரிசெய்வது மட்டும் நடக்கும். ஆர்.சி. (ரிலீஸ் கேண்டிடேட்) என்றால், பெரிய கோளாறு ஒன்றும் தட்டுப்படாவிட்டால் இதையே வெளியிட்டுவிடலாம் என்ற நிலை. கடைசி ஆர்.சி.யில் தடங்கல் வரவில்லை என்றால், அதே கோப்புகள்தான் ஒரு மாற்றமும் இல்லாமல் இறுதிப் பதிப்பாக வெளியாகும். உதவி மெனுவில் உள்ள அறிமுகப் பெட்டியில் 24.8.0.3 என்று எண் இருந்தால், கடைசியில் உள்ள 3 அது மூன்றாவது ஆர்.சி. என்பதைக் காட்டுகிறது. ஆகவே ஆர்.சி.யில் நீங்கள் சொல்லாமல் விட்டது அப்படியே ஊருக்குப் போய்ச் சேரும்.

இப்ப மெஷின்ல இருக்கிற லிப்ரேஆபிஸ் போயிடுமா?

ஆல்ஃபா, பீட்டா, அன்றன்றைய நிரலிலிருந்து உருவாகும் தினசரிப் பதிப்பு ஆகியவை 'லிப்ரேஆபிஸ்டெவ்' என்ற வேறு பெயரில் வேறு இடத்தில் நிறுவப்படும். அமைப்புகளைச் சேமிக்கும் புரொஃபைல் கோப்புறையும் தனி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

ஆர்.சி. அப்படி இல்லை, இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸிலும் மேக்கிலும் ஆர்.சி.யை நிறுவினால் ஏற்கெனவே இருக்கும் பதிப்பின் மேலேயே உட்காரும். லினக்ஸில், லிப்ரேஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் அறக்கட்டளை தரும் தொகுப்பைப் போட்டால் புதிய பதிப்பு தனிக் கோப்புறையில் அமரும், ஆனால் புரொஃபைல் பழையதோடு பொதுவானது. ஆர்.சி. போடும் முன் புரொஃபைலில் உள்ள 'யூசர்' கோப்புறையை முழுதாக நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். நீங்கள் அகராதியில் சேர்த்த சொற்கள், தானியங்கித் திருத்தப் பட்டியல், மேக்ரோ எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

சரி, என் ஃபைல் கெட்டுப்போனா?

கெட வாய்ப்பு உண்டு. அதனால் அசல் கோப்பை ஒருபோதும் சோதனைப் பதிப்பில் திறக்காதீர்கள். 'சோதனை' என்று ஒரு கோப்புறை போட்டு நகல்களை மட்டும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்கும்போது புதிய வசதி சார்ந்த விவரங்கள் உதிரவும் கூடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போடலாமா?

வேண்டாம். அலுவலகக் கோப்பு உங்களுடையது அல்ல. வீட்டுக் கணினியில் செய்யுங்கள்.

எந்த நேரத்துல டெஸ்ட் பண்ணினா பலன் அதிகம்?

முதல் பீட்டாவுக்கும் முதல் ஆர்.சி.க்கும் இடைப்பட்ட காலத்தில். அப்போது வசதிகள் முழுமையாக இருக்கும், மாற்றியவருக்கும் தான் என்ன மாற்றினோம் என்பது நினைவிருக்கும். வெளியீடு நெருங்க நெருங்க ஒவ்வொரு திருத்தத்தையும் கூடுதல் ஆட்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பார்கள். கடைசி வாரத்தில் சொல்லப்படும் சிறு கோளாறு பெரும்பாலும் அடுத்து வரும் திருத்தப் பதிப்புக்குத் தள்ளிப்போகும். வெளியீட்டுக்குப் பிறகு கத்துகிற ஆயிரம் பேரைவிட பீட்டாவில் சொல்கிற ஒருவரால் நடப்பது அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழுக்குன்னு தனியா என்ன பார்க்கணும்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். தமிழில் வரும் கோளாறு தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஒற்றைக்கொம்பு எழுத்தின் வலப்பக்கம் போய் விழுந்தால் பெர்லினில் இருக்கும் நிரலாளருக்கு அது தவறு என்றே தெரியாது.

2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எழுத்துகளை அடுக்கும் வேலையை எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃபஸ் என்ற நிரலகம் செய்கிறது. அதற்கு முன் இயங்குதளத்துக்கு ஒரு முறை இருந்தது. இப்போது அடிப்படை ஒன்றாகிவிட்டதால் பெரும்பாலும் சரியாகவே வருகிறது. கோளாறு ஒளிந்திருப்பது ஓரங்களில். 'கொ', 'கோ', 'கௌ' மாதிரி இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்தில் பாதியை மட்டும் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றிப் பாருங்கள். எழுத்திடைவெளியைக் கூட்டினால் கொம்பு தனியே பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் தடிமனாக்கி, சாய்த்துப் பாருங்கள். ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் வரியின் கடைசியில் எழுத்து உடைகிறதா என்று பார்க்க வேண்டும். பி.டி.எஃப். எடுத்து, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வெறும் எடிட்டரில் ஒட்டுங்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும் பி.டி.எஃப்.கூட, நகலெடுத்தால் எழுத்து முன்பின்னாக வரலாம். கால்க்கில் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். வேர்டின் டாக்எக்ஸ் வடிவில் சேமித்து மறுபடி திறந்து, எழுத்துரு மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் முக்கியம். லிப்ரேஆபிஸ் தமிழை 'சிக்கலான எழுத்தமைப்பு' என்ற வகையில் வைத்திருக்கிறது. பாணியில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு, அளவும் தனித்தனி. ஆங்கிலத்துக்கான இடத்தில் மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கோளாறைப் பற்றி அறிக்கை எழுதுமுன் அமைப்புகளில் அந்த வகைக்குத் தமிழ் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, எழுத்துருவை எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்ஸ்பேஸ் அடிச்சா எழுத்து முழுசா போகாம துணைக்கால் மட்டும் போகுது. இது பக் தானே?

இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பேக்ஸ்பேஸ் ஒரு குறியீட்டை மட்டும் அழிக்கும், டெலீட் விசை எழுத்தை முழுதாக அழிக்கும்.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு வகையாக எழுத முடியும்: 'க'வோடு 'ொ' என்ற ஒரே குறி, அல்லது 'க'வோடு 'ெ', 'ா' என்று இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பேக்ஸ்பேஸ் அடித்தால் முதல் வகையில் 'க' மிஞ்சும், இரண்டாவதில் 'கெ' மிஞ்சும். 'கௌ' என்று வர வேண்டிய இடத்தில் 'கெ'யும் 'ள'வும் அடித்திருந்தால் அது வேறு எழுத்து வரிசையே. தேடினால் சொல் கிடைக்கவில்லை, எழுத்துப்பிழை திருத்தி சரியான சொல்லையும் சிவப்பாகக் காட்டுகிறது என்பது போன்ற புகார்களில் முதலில் இதைப் பாருங்கள். தட்டச்சுக் கருவியின் வேலையை லிப்ரேஆபிஸின் தலையில் கட்டிவிடக் கூடாது.

பழைய ஃபைலைத் திறந்தா எல்லாம் ஆங்கில எழுத்தா கன்னாபின்னான்னு வருதே?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருக்கும். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். இது வழு (பக்) அல்ல. எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது மாற்றிக் கருவி ஒன்றால் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். எழுத்துரு இருந்தும் பழைய பதிப்பில் சரியாகத் தெரிந்து புதியதில் தெரியவில்லை என்றால் மட்டும் அறிக்கை எழுதுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினா போதாதா?

போதாது. மேலே 'கொ'வைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒன்றுதான். கோப்பு கையில் இருந்தால்தான் உள்ளே என்ன குறியீடு, எந்த எழுத்துரு, எந்தப் பாணி என்று பார்க்க முடியும். எது தவறு என்று தமிழ் தெரியாதவருக்குச் சுட்டிக்காட்டப் படமும் தேவை. இரண்டையும் இணையுங்கள், படத்தில் தவறான இடத்தை வட்டமிடுங்கள், சரியாக எப்படி வர வேண்டும் என்பதற்கு இன்னொரு படமும் வையுங்கள்.

பக் ரிப்போர்ட் எப்படி எழுதணும்? என் இங்கிலீஷ் சுமார்தான்.

லிப்ரேஆபிஸின் வழு அறிக்கைத் தளமான பக்ஸில்லாவில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அழகான ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். எழுதிக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஒரு வழுவுக்கு ஓர் அறிக்கை. மூன்றைச் சேர்த்து எழுதினால் மூன்றும் நகராது.

ஓர் அறிக்கையின் உள்ளடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, கற்பனையான ஒன்றைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன். தலைப்பு: 'எழுத்திடைவெளி 2 புள்ளி வைத்தால் தமிழ் ஒற்றைக்கொம்பு தனியே பிரிகிறது'. படிகள்: 1. இணைத்த கோப்பை ரைட்டரில் திற. 2. முதல் வரியைத் தேர்ந்தெடு. 3. எழுத்துரு அமைப்பில் இடைவெளியை 2 புள்ளி ஆக்கு. நடந்தது: 'கெ' என்பதில் கொம்புக்கும் 'க'வுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. நடக்க வேண்டியது: இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும். எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ். ஒவ்வொரு முறையும் நடக்கிறதா: ஆம். 24.2-இல் இப்படி இல்லை.

இதன் கீழே, உதவி மெனுவில் உள்ள அறிமுகப் பெட்டியைத் திறந்து, பதிப்பு விவரத்தை நகலெடுக்கும் பொத்தானை அழுத்தி அப்படியே ஒட்டிவிடுங்கள். பதிப்பு எண், பில்ட் அடையாளம், இயங்குதளம், மொழி எல்லாம் அதில் வந்துவிடும். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று மட்டும் தலைப்பு வைத்தால் அடுத்து வருபவர் என்ன செய்வார்? தலைப்பைப் படித்ததும் எந்த இடம், எந்தச் செயல் என்று தெரிய வேண்டும்.

ஃபைல்ல ஆளுங்க பேரு, ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கு. எப்படி இணைக்கிறது?

இணைக்காதீர்கள். பக்ஸில்லாவில் இணைப்பது உலகத்துக்கே தெரியும். முதலில் கோப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: பாதிப் பக்கங்களை அழித்துச் சேமித்துத் திறந்து பாருங்கள், வழு இன்னும் இருந்தால் மிச்சத்தில் பாதி. பல சமயம் ஒரு பத்தியோ ஓர் அட்டவணையோ மட்டும் மிஞ்சும். திருத்துபவருக்கும் இந்தச் சுருங்கிய கோப்புதான் பெரிய உதவி. கோப்பின் பண்புகளில் இருக்கும் எழுதியவர் பெயரையும் நீக்குங்கள்.

மிஞ்சும் சொற்களையெல்லாம் 'எக்ஸ்' எழுத்தால் நிரப்பிவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பக்க அமைப்பு சார்ந்த வழுவுக்கு அது சரி. தமிழ் எழுத்து சார்ந்த வழுவுக்கு அப்படிச் செய்தால் வழுவே மறைந்துவிடும். அந்தரங்கம் ஏதும் இல்லாத வேறு தமிழ்ச் சொற்களைப் போட்டு, வழு இன்னும் வருகிறதா என்று உறுதிசெய்த பிறகு இணையுங்கள்.

ஏற்கெனவே யாராவது சொல்லியிருந்தா என்ன பண்றது?

தேடிப் பாருங்கள், இருந்தால் புதிதாக எழுத வேண்டாம். அதே அறிக்கையில் 'எனக்கும் வருகிறது' என்று மட்டும் எழுதாமல், உங்கள் பதிப்பு விவரத்தோடு எழுதுங்கள். புது அறிக்கை முதலில் 'அன்கன்ஃபர்ம்டு' நிலையில் இருக்கும். வேறொருவர் தன் கணினியில் செய்து பார்த்து, தனக்கும் வருகிறது என்று சொன்னால்தான் 'நியூ' ஆகும். அந்த வேறொருவராக யார் வேண்டுமானாலும் இருக்கலாம். புது வழு தேடி அலைவதைவிட, உறுதிசெய்யப்படாமல் கிடக்கும் அறிக்கைகளில் தினம் ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்பது தொடக்கத்தில் நல்ல பயிற்சி. நன்றாக எழுதிய அறிக்கைக்கும் மோசமாக எழுதியதற்கும் உள்ள வேறுபாடும் அப்போதுதான் புரியும்.

'ரிக்ரெஷன்'ங்கிறாங்களே, அது என்ன? முன்னாடி சரியா இருந்துச்சுன்னு எப்படிக் காட்டறது?

முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டுப்போனதுதான் ரிக்ரெஷன். சோதனைக் காலத்தில் இதற்கே முதல் மரியாதை. 2011 ஜனவரியில் வந்த முதல் பதிப்பான 3.3 தொடங்கிப் பழைய பதிப்புகள் அறக்கட்டளையின் காப்பகத்தில் கிடைக்கின்றன. எது கடைசியாகச் சரியாக இருந்தது, எதில் முதலில் கெட்டது என்று இரண்டு எண்களைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. 3.3-இலும் அப்படித்தான் இருந்தது என்றால், அது லிப்ரேஆபிஸ் பிரிந்து வந்த ஓப்பன்ஆபிஸிலிருந்து கூடவே வந்த வழு. அறிக்கையின் பதிப்புப் பட்டியலில் அதற்கென்றே 'இன்ஹெரிட்டெட் ஃப்ரம் ஓஓஓ' என்று ஒரு தேர்வு இருக்கிறது.

பைபிசெக்ட் பண்ணுங்கன்னு கமென்ட் போட்டிருக்காங்க. பயமா இருக்கு.

பயப்பட ஒன்றுமில்லை, நிரல் எழுத வேண்டியதில்லை. இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மாற்றங்கள் நடக்கின்றன. அவற்றின் இடைநிலைப் பதிப்புகளை ஏற்கெனவே உருவாக்கி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டின் களஞ்சியத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை இறக்கிக்கொண்டு, ஒரு முனை நல்லது, மறுமுனை கெட்டது என்று கிட்டிடம் சொன்னால் அது நடுவில் உள்ள ஒன்றை எடுத்துத் தரும். அதைத் திறந்து உங்கள் கோப்பைப் போட்டுப் பார்த்து 'நல்லது' அல்லது 'கெட்டது' என்று பதில் சொல்லுங்கள். மிச்சத்தில் மறுபடி நடு. ஒவ்வொரு பதிலுக்கும் பாதி கழிவதால், ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் சுமார் பத்துக் கேள்விகளில் எந்த மாற்றத்தில் கெட்டது என்று தெரிந்துவிடும்.

தடை உண்மையில் வேறு: களஞ்சியம் பல ஜிபி. மொபைல் இணையத்தில் இறக்க முடியாது, வட்டில் இடமும் வேண்டும். வசதி இல்லையென்றால் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். உங்கள் படிகள் தெளிவாக இருந்தால் வேறொருவர் செய்து கொடுப்பார். மாற்றம் எது என்று தெரிந்த பிறகு அதை எழுதியவரையே அறிக்கையில் சேர்ப்பார்கள். அதன் பிறகு வேலை வேகம் எடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

'ஒர்க்ஸ்ஃபார்மீ'ன்னு போட்டு மூடிட்டாங்க. நான் பொய்யா சொல்றேன்?

யாரும் அப்படிச் சொல்லவில்லை. 'எனக்கு வேலை செய்கிறது' என்பதே அதன் பொருள்; சோதித்துப் பார்த்தவர் கணினியில் வழு வரவில்லை, அவ்வளவுதான். உதவி மெனுவில் பாதுகாப்பு முறையில் மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது. அதில் திறந்தும் வழு வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் குறை உங்கள் புரொஃபைலிலோ நீங்கள் சேர்த்த நீட்சியிலோ இருக்கிறது. வந்தால், அந்தத் தகவலோடும் எழுத்துருவின் பெயர், பதிப்பு ஆகியவற்றோடும் அறிக்கையை மறுபடி திறந்துவிடுங்கள். 'நீட்இன்ஃபோ' என்று மாற்றியிருந்தால் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். வெகுநாள் பதில் வராவிட்டால் அதையும் மூடிவிடுவார்கள். ஆகவே அறிக்கை போட்ட மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் சரி பண்ணலையே. சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்த வருத்தம் நியாயமானது, குறிப்பாகத் தமிழ் சார்ந்த வழுக்களில். லிப்ரேஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் பெர்லினில் பதிவான அறக்கட்டளை. நிரலில் பெரும்பகுதியை கொலாபரா போன்ற நிறுவனங்களின் ஊழியர்களும் தன்னார்வலர்களும் எழுதுகிறார்கள். இன்ன வழுவை இன்றைக்கே சரிசெய் என்று யாரும் யாருக்கும் உத்தரவிட முடியாது.

செய்யக்கூடியவை உண்டு. கோப்பை இன்னும் சிறிதாக்குங்கள், பைபிசெக்ட் செய்து கொடுங்கள், ஒவ்வொரு புதிய பெரிய பதிப்பிலும் சோதித்து 'இன்னும் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழ் தெரிந்த நிரலாளர் யாராவது அறிமுகம் என்றால் அவரிடம் காட்டுங்கள். திட்டிக் கருத்து எழுதினால் மட்டும் ஒன்றும் நடக்காது, அந்த அறிக்கையைத் தொட விரும்பியவரும் விலகிப்போவார்.

கோப்பைத் திறந்தாலே ஏதோ புரோகிராம் ஓடுது. இதையும் அங்கேயே எழுதலாமா?

கூடாது. பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பக்ஸில்லாவில் எழுதாதீர்கள், நண்பர்கள் குழுவிலும் போடாதீர்கள். அறக்கட்டளைக்குப் பாதுகாப்புக் குழுவின் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, அதற்கு மட்டும் அனுப்புங்கள். திருத்தம் வெளிவரும்வரை வாய் திறக்காமல் இருப்பது அவசியம், ஏனென்றால் அதே ஓட்டை இப்போது எல்லாரும் பயன்படுத்தும் பதிப்பிலும் இருக்கலாம்.

இதுக்குக் காசு கிடைக்குமா? இல்ல பேராவது வருமா?

காசு கிடையாது. மூன்று மாதங்களாவது பங்களித்து, அடுத்த ஆறு மாதங்களும் தொடர்வேன் என்று ஒப்புக்கொண்டால் அறக்கட்டளை உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். நிரல் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வழுக்களை உறுதிசெய்வதும் பங்களிப்புதான். உறுப்பினருக்கு இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை உண்டு.

நான் சொன்ன பக்கை சரி பண்ணிட்டதா மெயில் வந்திருக்கு. இனிமே என் வேலை என்ன?

இனிமேல்தான் ஒரு முக்கியமான வேலை. அறிக்கையில் 'டார்கெட்' என்று போட்டு எந்தப் பதிப்பில் திருத்தம் சேரும் என்ற எண் இருக்கும். அடுத்த நாளின் தினசரிப் பதிப்பை இறக்கி, உங்கள் அசல் கோப்பின் நகலைத் திறந்து பாருங்கள். அறிக்கையில் இணைத்த சுருங்கிய கோப்பில் சரியாகி, நூறு பக்கக் கோப்பில் சரியாகாமல் போவதும் உண்டு. எல்லாம் சரி என்றால் பதிப்பு விவரத்தை ஒட்டி நிலையை 'வெரிஃபைடு' என்று மாற்றுங்கள். அதை ஒட்டி வேறெதுவும் கெட்டிருந்தால் அதே அறிக்கையில் தொடராமல், பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புது அறிக்கை போடுங்கள்.

திருத்தியவர் உங்கள் கோப்பையே வைத்து ஒரு தானியங்கிச் சோதனையும் சேர்த்திருக்கக்கூடும். அப்படிச் சேர்த்திருந்தால் அந்தக் கோப்பு மூலநிரலோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு இணையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.